அமெரிக்காவில் ஏழையின் பல்லை யார் பார்ப்பது? சமூக சுகாதார மையங்களின் வரவு செலவுக் கணக்கு

குறைந்த வருமானக்காரர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிக்கெய்டின் நிதிக் குறைப்பு பற்றிய செய்திகளில் பல் சிகிச்சை அடிக்கடி தலைகாட்டுகிறது. மாநில பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் பெரியவர்களுக்கான பல் சிகிச்சை போகும், அதனால் சமூக சுகாதார மையங்கள் தடுமாறும் என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் காப்பீடு இருக்கும்போது பல்லுக்கு மட்டும் ஏன் இல்லை? இந்த மையங்கள் அரசு ஆஸ்பத்திரியா, தர்ம ஆஸ்பத்திரியா? இலவசம் என்கிறார்கள், பில்லும் வருகிறதே?

அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் இதற்கெல்லாம் விடை கிடைக்கும். பெரும்பாலான விளக்கங்கள் கோட்டைவிடும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மையங்களில் ஏழைக்குக் கிடைக்கும் தள்ளுபடியைத் தாங்குவது மத்திய அரசின் மானியம் மட்டுமல்ல. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மெடிக்கெய்டு நோயாளிக்காக வரும் பணமும் சேர்ந்துதான் தாங்குகிறது. மற்ற சிக்கல்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

உடம்பு வேறு, பல் வேறு

அமெரிக்காவில் பல் மருத்துவம் ஆரம்பத்திலேயே தனிக்குடித்தனம் போய்விட்டது. 1840இல் பால்டிமோரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மருத்துவக் கல்லூரியின் ஒரு துறையாக இல்லாமல் தனிக் கல்லூரியாக, தனிப் பட்டத்தோடு தொடங்கியது. பிறகு உரிமம், சங்கம், கட்டண முறை எல்லாம் தனித்தனியாகவே வளர்ந்தன. காப்பீடு வந்தபோது அதுவும் அப்படியே பிரிந்து நின்றது.

1965இல் ஒரே சட்டத்தின் வழியாக இரண்டு பெரிய திட்டங்கள் வந்தன.

1. மெடிகேர். 65 வயதைக் கடந்தவர்களுக்கானது. வழக்கமான பல் சிகிச்சைக்குப் பணம் தரமாட்டோம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. உறுப்பு மாற்று, இதய வால்வு அறுவை போன்றவற்றுக்கு முன்னால் வாயில் தொற்று இருந்தால் அதைச் சரிசெய்யப் பணம் தரலாம் என்று 2023இல் விதியைத் தெளிவாக்கினார்கள். அவ்வளவுதான் தளர்வு.

2. மெடிக்கெய்டு. குறைந்த வருமானக்காரர்களுக்கானது. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவு செய்கின்றன. இதில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பல் சிகிச்சை கட்டாயம். பெரியவர்களுக்கு அது மாநிலத்தின் விருப்பம். தரலாம், தராமலும் இருக்கலாம். பல் பிடுங்குவதற்கு மட்டும் தரலாம், வருடத்துக்கு இத்தனை டாலர் என்று வரம்பும் வைக்கலாம்.

மெடிக்கெய்டில் உள்ள இந்த 'விருப்பம்'தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதை, டாக்டரைப் பார்ப்பதை மாநிலம் நிறுத்த முடியாது. பெரியவர்களின் பல்லை நிறுத்தலாம். கையில் பணமில்லாத நிதியமைச்சர் எதை நிறுத்துவார் என்பது ஊகிக்க முடியாத ரகசியமல்ல.

கட்டாயம் என்று எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2007 பிப்ரவரியில் மேரிலாந்து மாநிலத்தில் டியாமான்டே டிரைவர் என்ற 12 வயதுச் சிறுவன் இறந்தான். பல்லில் பிடித்த சீழ் மூளைவரை பரவிவிட்டது. அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர் ஆகியிருக்கும். மூளை அறுவையும் ஆஸ்பத்திரிவாசமும் இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டின. சட்டப்படி அவனுக்குப் பல் சிகிச்சை உரிமை உண்டு. ஆனால் குடும்பத்தின் மெடிக்கெய்டு இடையில் அறுந்துபோயிருந்தது. அது இருந்த காலத்திலும் ஏற்றுக்கொள்ளும் பல் டாக்டரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. மெடிக்கெய்டு தரும் கட்டணம் குறைவு, காகித வேலை அதிகம் என்பதால் அமெரிக்கப் பல் டாக்டர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அதை ஏற்கிறார்கள்.

அந்த மரணம் நாடாளுமன்றம்வரை பேசப்பட்டது. மெடிக்கெய்டுக்குச் சற்று மேலே வருமானம் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கான சிப் திட்டத்திலும் பல் சிகிச்சை 2009இல் கட்டாயமானது. பெரியவர்கள் கதை மாறவில்லை.

இந்த மையங்கள் யாருடையவை?

சமூக சுகாதார மையம் என்றதும் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. அது அரசுக் கட்டடம், அரசு ஊழியர். இது பெரும்பாலும் லாப நோக்கமில்லாத ஒரு தனி அமைப்பு. மத்திய அரசு மானியம் தரும், நிபந்தனை போடும். நடத்துவது உள்ளூர்க்காரர்கள்.

தொடக்கம் 1965. ஜாக் கைகர், கவுன்ட் கிப்சன் என்ற இரு மருத்துவர்கள் பாஸ்டனில் கொலம்பியா பாயின்ட் குடியிருப்பில் முதல் மையத்தைத் திறந்தார்கள். அடுத்தது மிசிசிப்பியின் மவுண்ட் பாயு, கறுப்பினப் பண்ணைத் தொழிலாளர்கள் வாழும் பகுதி. அங்கே வந்த குழந்தைகள் பலருக்கு நோயே பசிதான். கைகர் மருந்துச் சீட்டில் உணவை எழுதிக்கொடுத்தார், கடைக்காரர்கள் மையத்தின் மருந்துக் கணக்கில் பற்று எழுதிக்கொண்டார்கள். கிணறு தோண்டினார்கள், விவசாயக் கூட்டுறவு தொடங்கினார்கள். வறுமை ஒழிப்புப் போர் என்று அதிபர் ஜான்சனின் அரசு அறிவித்திருந்த காலம், அதனால் பணம் கிடைத்தது.

இன்று 1,300க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பல கிளைகள். ஆண்டுக்கு 3 கோடிக்கும் அதிகமானோர் வருகிறார்கள். அவர்களில் பல்லுக்காக வருகிறவர்கள் சுமார் 60 லட்சம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பல் நாற்காலிவரை போகிறார். மற்றவர்களுக்குப் பல் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல, அத்தனை நாற்காலிகள் இல்லை.

மானியம் வாங்க வேண்டுமானால் மையம் ஏற்க வேண்டிய முக்கிய நிபந்தனைகள் இவை:

1. மருத்துவ வசதி குறைந்த பகுதிக்கோ மக்கள் பிரிவுக்கோ சேவை செய்ய வேண்டும்.

2. பணம் தர முடியவில்லை என்ற காரணத்துக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

3. வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கும் அட்டவணை இருக்க வேண்டும்.

4. நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல், அதாவது குறைந்தது 51 சதவீதம் பேர், அந்த மையத்தின் நோயாளிகளாகவே இருக்க வேண்டும்.

5. சட்டம் பட்டியலிடும் அடிப்படைச் சேவைகளைத் தர வேண்டும்.

கடைசி நிபந்தனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளது நோய்த்தடுப்புப் பல் சேவை. பரிசோதனை, சுத்தம் செய்தல், ஃபுளோரைடு பூசுதல் போன்றவை. சொத்தையை அடைப்பது, ரூட் கெனால், பல் செட் ஆகியவை கூடுதல் சேவைகள். மையம் விரும்பினால், வசதி இருந்தால் தரலாம். ஒரு மையத்தில் பல் செட் கிடைக்கிறது, பத்து மைல் தள்ளி இன்னொன்றில் கிடைக்கவில்லை என்றால் காரணம் இதுதான். ஏமாற்று வேலை எதுவும் கிடையாது.

கட்டணம்: இலவசமா, இல்லையா?

முதல் முறை போகிறவரிடம் வரவேற்பு மேசையில் ஒரு படிவம் தருவார்கள். வீட்டில் எத்தனை பேர், எல்லாருடைய வருமானமும் சேர்ந்து எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். சம்பளச் சீட்டு அல்லது வருமான வரி அறிக்கை காட்டச் சொல்வார்கள். தினக்கூலிக்குப் போகிறவர், சீட்டே இல்லாதவர் என்றால் பல மையங்கள் கையெழுத்திட்ட சுய அறிவிப்பை ஏற்கின்றன. சிலர் கூச்சத்தில் இந்தப் படிவத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். விளைவு, முழுக் கட்டண பில் வீட்டுக்கு வரும். படிவம் இல்லாமல் தள்ளுபடி இல்லை.

எழுதிக்கொடுத்த வருமானத்தை மத்திய அரசின் வறுமைக் கோட்டோடு ஒப்பிடுவார்கள். 2025க்கான கோடு தனி ஆளுக்கு ஆண்டுக்கு 15,650 டாலர், நாலு பேர் உள்ள வீட்டுக்கு 32,150 டாலர் (அலாஸ்கா, ஹவாய்க்குத் தனிக் கணக்கு).

1. கோட்டிலோ அதற்குக் கீழோ இருந்தால் முழுத் தள்ளுபடி, அல்லது பெயருக்கு ஒரு சிறு தொகை.

2. கோட்டுக்கு மேலே, அதைப்போல் இரண்டு மடங்குவரை இருந்தால் பகுதித் தள்ளுபடி. இதில் குறைந்தது மூன்று படிகள் இருக்க வேண்டும். வருமானம் ஏற ஏறத் தள்ளுபடி இறங்கும்.

3. இரண்டு மடங்கைத் தாண்டினால், அதாவது 2025 கணக்குப்படி நாலு பேர் வீட்டில் 64,300 டாலருக்கு மேல் என்றால், இந்த அட்டவணையில் தள்ளுபடி கிடையாது.

பல்லில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. கேப், பல் செட் போன்றவற்றை வெளியே லேபில் செய்து வாங்க வேண்டும். அந்த லேப் செலவை மையம் தனியாக வசூலிக்கலாம். பரிசோதனைக்கு 30 டாலர் கட்டியவர் பல் செட்டுக்குச் சில நூறு டாலர் கேட்டதும் திகைத்துப்போவது இதனால்தான். சிகிச்சைத் திட்டத்தைக் கையில் தரும்போதே லேப் செலவு இதில் சேர்ந்ததா, தனியா என்று கேட்டுவிடுவது நல்லது. தவணையில் கட்டலாமா என்பதையும் அப்போதே கேட்கலாம், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

தள்ளுபடி தருகிறார்கள், சரி. டாக்டர் சம்பளம், எக்ஸ்ரே, ஊசி, வாடகை இதற்கெல்லாம் என்ன வழி?

மத்திய மானியம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. பெரிய பங்கு மெடிக்கெய்டு, ஏறக்குறைய ஐந்தில் இரண்டு. மெடிக்கெய்டு குறைவாகத்தானே கட்டணம் தருகிறது என்று மேலே சொன்னேனே, அப்புறம் எப்படி? இந்த மையங்களுக்கு மட்டும் தனிக் கணக்கு உண்டு.

தனியார் பல் டாக்டருக்கு மெடிக்கெய்டு வேலைக்கு இவ்வளவு என்று தரும்: பல் அடைத்ததற்கு ஒரு தொகை, எக்ஸ்ரேக்கு ஒரு தொகை. சமூக சுகாதார மையத்துக்கு வருகைக்கு இவ்வளவு என்று தரும். நோயாளி ஒரு நாள் வந்து போனால் அந்த மையத்துக்கென்று கணக்கிட்டுவைத்த ஒரே தொகை. 1989இல் செலவுக்கேற்ற கட்டணம் என்று தொடங்கியது, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் இப்போதைய முறைக்கு மாறியது. அப்போதே இருந்த மையங்களுக்கு 1999, 2000 ஆண்டுகளில் ஆன உண்மையான செலவை அடிப்படையாக எடுத்து, ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டின்படி உயர்த்துகிறார்கள். மாநிலத்துக்காக மெடிக்கெய்டை நடத்தும் தனியார் காப்பீட்டு நிறுவனம் நடுவில் இருந்து குறைவாகக் கொடுத்தால் மீதியை மாநிலம் ஈடுகட்ட வேண்டும்.

மானியம் காப்பீடில்லாதவர்களுக்குச் செலவாக வேண்டும், மெடிக்கெய்டு தன் நோயாளிகளுக்கான முழுச் செலவையும் தானே தர வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் காப்பீடில்லாதவர்களின் செலவுக்கு மானியம் போதுவதில்லை, இரண்டும் கலந்துதான் மையம் ஓடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என்னுடையவை, விளக்கத்துக்காக மட்டும்.

ஒரு நாற்காலியில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர். ஐந்து பேர் மெடிக்கெய்டு, வருகைக்கு 200 டாலர். ஐந்து பேர் காப்பீடில்லாதவர்கள், ஆளுக்கு 40 டாலர். மொத்தம் 1,200. நாற்காலியை ஒரு நாள் ஓட்டும் செலவு 1,150 என்று வையுங்கள். ஐம்பது டாலர் மிச்சம்.

இப்போது இரண்டு பேரின் மெடிக்கெய்டு போய்விட்டது. அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது, சட்டம் தடுக்கிறது. அதே பத்துப் பேர், அதே வேலை. வருமானம் மட்டும் மூன்று 200, ஏழு 40, ஆக 880. செலவு அதே 1,150. ஒரு நாளைக்கு 270 டாலர் பள்ளம். பத்தில் இரண்டு பேரின் அட்டை மாறியதற்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் வருமானம் போய்விட்டது. அந்த நாற்காலியை மையம் எத்தனை மாதம் வைத்திருக்கும்? கடைசியில் பெட்டியைக் கட்டும்போது, மெடிக்கெய்டு இன்னும் கையில் உள்ள மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் நாற்காலி போகும்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

நோயாளிகள் அதிகம் புலம்புவது மூன்று விஷயங்களைப் பற்றி. மூன்றுக்கும் இந்தக் கணக்கோடு தொடர்பு உண்டு.

1. "காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்." கடவாய்ப் பல்லில் மூன்று, நாலு கால்வாய்கள் இருக்கும். ரூட் கெனால் செய்ய நேரம் பிடிக்கும், சில சமயம் இரண்டு அமர்வு. அதோடு முடியாது, மேலே கேப் போடாவிட்டால் பல் பிளந்துபோகும். கேப் என்றால் லேப் செலவு. பல மாநிலங்களில் பெரியவர்களின் கடவாய்ப் பல் ரூட் கெனாலுக்கு மெடிக்கெய்டு பணமே தராது. பிடுங்கினால் ஒரே நாளில் வலி போகும், செலவும் குறைவு. எனவே முன்பல்லைக் காப்பாற்றி, கடவாய்ப் பல்லைப் பிடுங்கும் வழக்கம் உருவாகிவிட்டது. மருத்துவப் புத்தகம் சொல்லும் வரிசை வேறு, பில் சொல்லும் வரிசை வேறு.

2. "நாலு அடைப்புக்கு நாலு தடவை வரச் சொல்கிறார்கள்." வருகைக்கு ஒரே தொகை என்ற முறையில், ஒரே நாளில் நாலு பல் அடைத்தாலும் ஒரு பல் அடைத்தாலும் மையத்துக்கு வருவது ஒன்றுதான். நாலு நாளாகப் பிரித்தால் நாலு மடங்கு. மருத்துவக் காரணங்களும் உண்டு: கீழ்த்தாடை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மரத்துப்போக ஊசி போடுவதைப் பல டாக்டர்கள் தவிர்ப்பார்கள், அடுத்த நோயாளியும் வெளியே காத்திருப்பார். ஆனாலும் கட்டண முறை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை மறைக்க முடியாது. மணிக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு வருகையும் அரை நாள் சம்பளம். ஒரே அமர்வில் வாயின் ஒரு கால் பகுதியை முழுதாக முடித்துத் தருவீர்களா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு, கேட்டால் பலர் செய்துதருவார்கள்.

3. "மூன்று மாதம் கழித்துத்தான் தேதி." இதற்கு நாற்காலிப் பற்றாக்குறை ஒரு காரணம், தேதி வாங்கிவிட்டு வராமல் போகிறவர்கள் இன்னொன்று. பஸ் கிடைக்காதவர், ஷிப்ட் மாறியவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் என்று இங்கே அந்த எண்ணிக்கை அதிகம். வலியோடு வருகிறவர்களுக்கென்று காலையில் சில இடங்களைப் பல மையங்கள் ஒதுக்கிவைக்கின்றன. அதில் போனால் வலிக்கிற ஒரு பல்லை மட்டும் பார்ப்பார்கள்: அந்தப் பல்லுக்கு ஒரு எக்ஸ்ரே, ஒரு முடிவு. முழு வாய்ப் பரிசோதனை இன்னொரு நாள்தான்.

குழந்தைகளில் இந்தக் காத்திருப்பு இன்னும் கொடுமை. மூன்று வயதுக் குழந்தைக்கு எட்டுப் பல் சொத்தை என்றால் மயக்கம் கொடுத்துத்தான் சரிசெய்ய முடியும், அதற்கு ஆஸ்பத்திரி அறுவை அரங்கில் இடம் கிடைக்க வேண்டும். அந்த இடைவெளியை ஓரளவு அடைக்க வந்திருப்பது சில்வர் டயமைன் ஃபுளோரைடு. ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள திரவம், அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. ஒரு சொட்டை நுண்ணிய தூரிகையில் தொட்டு, ஈரம் துடைத்த சொத்தைப் பல்லில் ஒரு நிமிடம் போலத் தடவினால் போதும். ஊசியில்லை, டிரில் இல்லை. பெரும்பாலும் சொத்தை பரவுவது நிற்கும். ஆனால் தடவிய இடம் அட்டைக்கரியாகிவிடும். பின்பல் என்றால் தெரியாது, முன்பல் என்றால் சிரிக்கும்போது தெரியும். பால்பல்தானே, விழுந்துவிடும் என்று ஒத்துக்கொள்கிற பெற்றோர் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கறுப்புப் பல்லா என்று கொதிப்பவர்களும் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆறு மாதம் வலியோடு காத்திருப்பதைவிட இது மேல் என்பதும் நிஜம்.

டாக்டர்கள் ஏன் வருவதில்லை?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பல் மருத்துவம் முடித்து வெளியே வரும் மாணவரின் சராசரிக் கல்விக் கடன் சுமார் 3 லட்சம் டாலர். மையம் தரும் சம்பளம் தனியார் வருமானத்தை எட்டாது. பற்றாக்குறைப் பகுதியில் இரண்டு வருடம் வேலை பார்த்தால் 50,000 டாலர்வரை கடனை அடைத்துத்தரும் மத்தியத் திட்டம் இருக்கிறது, அதை நம்பித்தான் பல கிராமப்புற மையங்கள் ஆள் பிடிக்கின்றன. சென்னையிலோ மதுரையிலோ பி.டி.எஸ். முடித்து அமெரிக்காவில் குடியேறியவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்கள் நேரடி உரிமம் தருவதில்லை. அங்கே மறுபடி இரண்டு மூன்று வருடம் படிக்க வேண்டும், அதற்கும் பெரும் செலவு. கடனோடு வெளியே வரும் அவர்களும் தனியார் பக்கமே ஒதுங்குகிறார்கள்.

டாக்டரைவிடக் குறைந்த காலம் படித்து, சொத்தை அடைப்பது, எளிய பல்லைப் பிடுங்குவது போன்றவற்றை மட்டும் செய்யும் பல் சிகிச்சையாளர் என்ற பணி நியூசிலாந்தில் 1921இலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் அலாஸ்காவின் பழங்குடிச் சுகாதார அமைப்புதான் இதை முதலில் கொண்டுவந்தது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2006இல் வழக்குப் போட்டது, ஜெயிக்கவில்லை. 2009இல் மினசோட்டா சட்டம் இயற்றியது. அதற்குப் பிறகும் நகர்வு நத்தை வேகம்தான்.

ஒரு மாநிலம் நிறுத்திப் பார்த்தது

பெரியவர்களின் பல் சிகிச்சையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவே பாடம். பொருளாதார நெருக்கடியில் 2009 ஜூலையில் நிறுத்தினார்கள். 2014இல் ஒரு பகுதியும், 2018இல் முழுவதும் திரும்ப வந்தது. இடையில் நடந்தவை இரண்டு.

முதலாவது, வலி ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இடம் மாறியது. பல்லுக்காக மெடிக்கெய்டு பெரியவர்கள் அங்கே வந்த வருகைகள் ஆண்டுக்கு 1,800க்கும் மேல் கூடியதாக ஒரு ஆய்வு கணக்கிட்டது. நாடு முழுக்கப் பார்த்தால் பல் வலிக்காக அவசரப் பிரிவுக்குப் போகும் வருகைகள் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம். அங்கே பெரும்பாலும் பல் டாக்டர் இருக்கமாட்டார். ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் எழுதிக்கொடுத்து, பல் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்புவார்கள். பல் அப்படியே இருக்கும், பில் பெரிதாக இருக்கும், அந்த பில்லையும் பெரும்பாலும் மெடிக்கெய்டுதான் கட்டும்.

இரண்டாவது நீதிமன்றத்தில் நடந்தது. கிராமப்புற மருத்துவ மையங்களின் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: சமூக சுகாதார மையச் சேவை மெடிக்கெய்டில் கட்டாயமானது, அதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் பல் டாக்டரின் சேவையும் அடங்கும், ஆகவே தனியார் பல் டாக்டருக்குத் தருவதை மாநிலம் நிறுத்தினாலும் இந்த மையங்களில் தரும் சேவைக்குப் பணம் தந்தே ஆக வேண்டும். மையங்களுக்கு வெற்றிதான். ஆனால் தனியார் கதவுகள் மூடியதும் மொத்தக் கூட்டமும் மையத்து வாசலில் வந்து நின்றது. தீர்ப்பும் அந்த வட்டத்தில் அடங்கிய மேற்கு மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும்.

இப்போது என்ன மாறுகிறது?

கொரோனாவுக்குப் பிந்தைய சில வருடங்களில் காற்று நல்ல பக்கம் வீசியது. டென்னசி, மேரிலாந்து போன்ற மாநிலங்கள் 2023இல் பெரியவர்களுக்கும் பல் சிகிச்சையைக் கொண்டுவந்தன. அதன்பின் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரி, செலவுச் சட்டம் வந்தது. அதில் பல் என்ற தலைப்பில் எந்த வெட்டும் இல்லை. பாதிப்பு சுற்றி வளைத்து வரும்.

1. மெடிக்கெய்டுக்கான மத்திய செலவு பத்து வருடத்தில் சுமார் 90,000 கோடி டாலர் குறையும் என்பது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. அந்தச் சுமை மாநிலங்களுக்கு இறங்கும்போது, கட்டாயமில்லாத பெரியவர்களின் பல் சிகிச்சை பலிபீடத்துக்கு மிக அருகில் நிற்கிறது.

2. வருமான வரம்பை உயர்த்தி மெடிக்கெய்டை விரிவாக்கியதால் அதில் சேர்ந்த 19 முதல் 64 வயதுக்காரர்களில் விலக்கு பெறாதவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்வதாகக் காட்ட வேண்டும். மாநிலங்கள் 2027 ஜனவரி 1க்குள் இதை அமல்படுத்த வேண்டும். தகுதிச் சோதனையும் வருடத்துக்கு ஒரு முறை என்பது போய் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆகிறது. வேலை பார்த்தும் காகிதம் சேராததால் விழுகிறவர்கள் இருப்பார்கள். மேலே சொன்ன கற்பனை நாற்காலியின் இரண்டு பேர் இவர்கள்தான்.

3. இந்தச் சட்டத்தால் 2034க்குள் கூடுதலாகச் சுமார் 1 கோடி பேர் காப்பீடு இழப்பார்கள் என்றும் அதே அலுவலகம் மதிப்பிட்டது. அவர்களில் கணிசமானோர் வந்து நிற்கப்போவது இந்த மையங்களில்தான்.

4. மையங்களுக்கான மானியத்தின் பெரும்பகுதி 2010 சுகாதாரச் சட்டம் உருவாக்கிய ஒரு நிதியிலிருந்து வருகிறது. அண்மைக் காலமாக அதைச் சில மாதங்கள் சில மாதங்களாகவே நீட்டித்துக்கொண்டு வந்தார்கள். புது நாற்காலி வாங்கி, எக்ஸ்ரே கருவி பொருத்தி, டாக்டருக்கு இரண்டு வருட ஒப்பந்தம் போட வேண்டிய பல் பிரிவுக்கு இது பெரிய இடைஞ்சல்.

குடியேறிகள் விஷயம் தனிச் சிக்கல். 2025 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை, சமூக சுகாதார மையத் திட்டத்தையும் ஆவணமற்ற குடியேறிகளுக்குக் கிடையாத மத்தியச் சலுகைகளின் பட்டியலில் சேர்த்தது. பல மாநிலங்கள் வழக்குப் போட்டன, அந்த மாநிலங்களில் நீதிமன்றம் தற்காலிகமாகத் தடுத்தது. குடியேற்ற நிலையைக் கேட்டுப் பழக்கமில்லாத வரவேற்பு மேசைகளில், எதைக் கேட்பது எதைக் கேட்கக் கூடாது என்ற குழப்பம் புகுந்தது.

மறுபடியும் கலிபோர்னியா. ஆவணமற்ற பெரியவர்களுக்கு மாநிலம் தன் சொந்தப் பணத்தில் தந்துவந்த பல் சிகிச்சையை 2026 ஜூலை 1 முதல் நிறுத்துவதாக 2025 பட்ஜெட்டில் முடிவெடுத்தார்கள், அவசர சிகிச்சை மட்டும் நீடிக்கும். 2013 தீர்ப்பு இவர்களுக்குக் கைகொடுக்காது. அந்தத் தீர்ப்பு நிற்பது மத்திய மெடிக்கெய்டு சட்டத்தின் மேல், இவர்களுக்கான செலவோ அந்தச் சட்டத்துக்கு வெளியே உள்ள மாநிலப் பணம். மையத்தின் மானிய நிபந்தனை மட்டும் மாறவில்லை. மேலே சொன்ன நீதிமன்றத் தடை இருக்கும்வரை, பணமில்லை என்பதற்காக இவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. வருகைக்கு வந்துகொண்டிருந்த தொகை நின்றுபோன அந்த நாற்காலிகளில், அட்டவணைப்படி பெயருக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு இவர்களையும் உட்கார வைக்க வேண்டும்.